கீழே சிக்கினால் மேலே பார்!

எங்கள் புளோக்கிற்குக் காராங்குனிக்காரர் வரும்போது, அவருடைய ஹாரன் ஒலி பத்தாவது மாடி வரை கேட்கும். சென்ற ஆண்டு இறுதி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை அந்த ஒலி கேட்டதும் அம்மா என்னைக் கூப்பிட்டார். “பாட்டியோட தையல் மெஷினைக் கொடுத்திடலாம். அஞ்சு வருஷமா ஓடவே இல்லை, இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது” என்றார்.

பாட்டி சோபாவில் உட்கார்ந்திருந்தார். மறுப்பு ஏதும் சொல்லவில்லை. “எடுத்துக்கிட்டுப் போகட்டும். இனிமே இங்க யாரு தைக்கப் போறா?” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த இயந்திரத்தில் அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கையும் பாவாடையும் பள்ளிச் சீருடையும் தைத்துக்கொடுத்துத்தான் பாட்டி என் அம்மாவையும் இரண்டு மாமாக்களையும் படிக்க வைத்தார். இது எனக்குத் தெரியும். பாட்டி திரும்பிக்கொண்ட விதத்தைப் பார்த்ததும், “ரெண்டு வாரம் டைம் கொடுங்கம்மா. நான் ஓட வைக்கிறேன்” என்று சொல்லிவிட்டேன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு தையல் இயந்திரம் என்னை என்ன செய்துவிடும் என்ற நினைப்பு எனக்கு.

என்ன செய்தது என்று சொல்கிறேன். முதல் நாள் மாலை பழைய சட்டைத் துணி ஒன்றை வைத்து மிதியை அழுத்தினேன். இயந்திரம் நன்றாகவே ஓடியது. நான்கு தையல் போனதும் ‘டக் டக்’ என்று நின்றது. துணியைத் தூக்கிப் பார்த்தால், அடிப்பக்கம் நூல் பந்துபோல் சுருண்டு கிடந்தது. கத்தரித்து எடுத்துவிட்டு மறுபடியும் தைத்தேன். மறுபடியும் அதே பந்து. சிக்கல் கீழே இருக்கிறது, அப்படியானால் கோளாறும் கீழேதான் என்று முடிவு செய்து, பாபின் வைக்கும் கூட்டில் உள்ள சின்னத் திருகைத் திருகினேன். நிலைமை மோசமானது. ஒரு வாரத்தில் மூன்று ஊசிகளை உடைத்தேன். இணையத்தில் ஏழெட்டுக் காணொளிகள் பார்த்தேன். கடைசியில், “இது செத்துப்போச்சும்மா, கொடுத்திடுங்க” என்று நானே சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் பாட்டி எழுந்து வந்து பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கண்ணில் புரை விழுந்ததிலிருந்து அவருக்கு ஊசிக்காது சரியாகத் தெரிவதில்லை. என்னைத்தான் நூல் கோக்கச் சொன்னார். நான் கோத்துக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பாதத்தைத் தூக்கிவிட்டுக் கோத்தியாய்யா, இறக்கிவிட்டுக் கோத்தியா?”

இறக்கிவிட்டுத்தான் கோத்திருந்தேன். பாதத்தைத் தூக்கிவிட்டு நூலை முதலிலிருந்து கோத்தேன். நான் கண்டபடி திருகி வைத்திருந்த சின்னத் திருகைப் பாட்டியே விரலால் தடவிப் பார்த்துச் சரிசெய்தார். அடுத்த நிமிடம் துணியின் மேலும் கீழும் அளவெடுத்த மாதிரி ஒரே சீரான தையல் ஓடியது. ஐந்து ஆண்டுகளாக ‘ஓடாமல்’ கிடந்த அந்த இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இருந்திருக்கவில்லை. பாட்டிக்குக் கண் மங்கியதும், வீட்டில் வேறு யாருக்கும் நூல் கோக்கத் தெரியாமல் போனதும்தான் கோளாறு.

முதல் ஒரு மணி நேரம்

அன்றிலிருந்து நண்பர்கள் வீடுகளில் விசாரிக்கத் தொடங்கினேன். பலருடைய வீட்டிலும் ஒரு தையல் இயந்திரம் இருக்கிறது. படுக்கைக்கு அடியில், சாமான் அறையில், சாமி மேடைக்குப் பக்கத்தில் மேசைவிரிப்பு போட்டு மூடியபடி. கேட்டால் ஒரே பதில்தான்: “அது ரிப்பேர்.” என்ன ரிப்பேர் என்று கேட்டால், “நூல் சிக்குது” அல்லது “நூல் அறுந்துபோகுது” என்பார்கள்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் தூங்கும் தையல் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது, அவற்றை அமைக்கத் தெரிந்த ஒருவருடைய ஒரு மணி நேரம். தையலைக் கைவிடுபவர்கள் தைப்பது கடினம் என்று கைவிடுவதில்லை. தைக்கத் தொடங்குவதற்கு முன்பே, ஊசி போட்டு, பாபின் சுற்றி, நூல் கோக்கும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் தோற்றுப்போய்க் கைவிடுகிறார்கள். அந்த ஒரு மணி நேர அறிவு, முன்பு அம்மாவிடமிருந்து மகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இப்போது எவருக்கும் போய்ச் சேர்வதில்லை. அதை உயர்நிலைப்பள்ளி முடிப்பதற்குள் ஆண், பெண் என்ற வேறுபாடில்லாமல் எல்லா மாணவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு நூல்களின் கதை

ஏன் கீழே சிக்குவதற்கு மேலே காரணம் இருக்கிறது? இயந்திரம் எப்படித் தைக்கிறது என்று தெரிந்தால் இது புரிந்துவிடும்.

கையால் தைக்கும்போது ஒரே நூல்தான். ஊசி முழுவதும் துணிக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வரும். இயந்திர ஊசி அப்படி முழுவதும் போவதில்லை. அதன் காது முனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊசி துணிக்குக் கீழே இறங்கி, சற்றே மேலே ஏறும்போது நூல் ஒரு சிறு வளையமாக விரிகிறது. அந்த நொடியில், கீழே சுழலும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. இப்படி மேல்நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று பின்னிக்கொள்கின்றன. உடனே மேலே உள்ள நெம்புகோல் நூலை இழுத்து இறுக்குகிறது. ஊசி துணியைவிட்டு வெளியே வந்ததும், அடியில் உள்ள பற்கள் துணியைப் பின்னால் நகர்த்துகின்றன. இவ்வளவும் ஒரு தையலுக்குள் முடிந்துவிடுகிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பாபினைச் சுற்றிவந்த வளையத்தை மேலே இழுத்து இறுக்க வேண்டியது மேல்நூல். அந்த நூல், ‘டென்ஷன்’ என்று தையற்காரர்கள் சொல்லும் இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே பிடிபட்டிருந்தால்தான் அளவோடு இறுகும். பாதத்தைத் தூக்கினால் அந்தத் தகடுகள் திறக்கும், இறக்கினால் மூடும். மூடியிருக்கும்போது நூலைக் கோத்தால் அது தகடுகளுக்கு நடுவே போகாமல் வெளியே நின்றுவிடும். பிடிமானம் இல்லாத மேல்நூல் தேவைக்கு மேல் கீழே இறங்கும். இறங்கியது அங்கேயே தங்கிப் பந்தாகச் சுருளும். சிக்கல் கண்ணுக்குத் தெரிவது கீழே. அதன் காரணம் மேலே.

எலியஸ் ஹோவ் என்ற அமெரிக்கர் 1846இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் இந்த இரட்டை நூல் தையலைத்தான் போட்டது. 1851இல் ஐசக் சிங்கர் தமது இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய நிறுவனம் தவணைமுறையில் விற்றதால் அது சாதாரண மக்களின் வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. இயந்திரமயத்தைக் கடுமையாக எதிர்த்த காந்தியடிகள்கூட 1924இல் ஒரு நேர்காணலில் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விதிவிலக்கு அளித்தார். மனைவி கையால் தைத்துத் துன்பப்படுவதைப் பார்த்த ஒருவரின் அன்பிலிருந்து அது பிறந்தது என்பது அவர் சொன்ன காரணம்.

பாட்டி எனக்குக் கற்றுத்தந்த வரிசை

கருத்துக் கட்டுரையில் செய்முறை எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஒரு மணி நேரம் போதும் என்று வாதிடுகிறேன் அல்லவா? அந்த ஒரு மணி நேரத்தில் என்ன இருக்கிறது என்று காட்டாவிட்டால் அது வெறும் பேச்சாகிவிடும்.

முதலில் இடம். ஆடாத மேசை வேண்டும். மடக்கு மேசையில் வைத்தால் இயந்திரமும் சேர்ந்து குதிக்கும். இடப்பக்கம் துணி பரவுவதற்கு இடம் விடுங்கள். வெளிச்சம் ஊசியின்மீது விழ வேண்டும்.

இரண்டாவது மின்சாரம். பல ஆண்டுகள் சும்மா கிடந்த இயந்திரத்தை உடனே செருகிவிடாதீர்கள். கம்பியின் மேலுறை வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். வெடித்திருந்தால் மின்சாதனம் பழுதுபார்ப்பவரிடம் காட்டிய பிறகே தொடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரம் என்றால், அதில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் படியுங்கள். சிங்கப்பூரில் 230 வோல்ட்; ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. அங்கே வாங்கியதை இங்கே அப்படியே செருகினால் மோட்டார் புகைந்துவிடும். செருகுவதற்கு முன் வலப்பக்கத்துச் சக்கரத்தைக் கையால் உங்களை நோக்கிச் சுற்றிப் பாருங்கள். எப்போதும் உங்களை நோக்கித்தான். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கிக்கொள்ளும். இறுக்கமாக இருந்தால் ஊசித்தட்டைக் கழற்றி, உள்ளே அடைந்திருக்கும் பஞ்சைத் தூரிகையால் தட்டிவிட்டு, தையல் இயந்திர எண்ணெய் ஓரிரு சொட்டு விடுங்கள். சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்துவிடாதீர்கள்; அது நாளடைவில் பிசினாகி இயந்திரத்தையே பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது ஊசி. இயந்திரத்தை அணைத்துவிட்டுத்தான் ஊசியில் கை வைக்க வேண்டும். ஊசியின் மேற்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். இப்போதைய வீட்டு இயந்திரங்களில் அந்தத் தட்டைப் பக்கம் பெரும்பாலும் பின்னால் இருக்க வேண்டும். பழைய கறுப்பு இயந்திரங்கள் சிலவற்றில் அது பக்கவாட்டில் இருக்கும். ஊசியை மேலே முட்டும்வரை ஏற்றித் திருகை இறுக்குங்கள். சற்றே இறங்கி நின்றாலும் கொக்கி வளையத்தைப் பிடிக்காது, தையல் விட்டுவிட்டு விழும். ஊசி உறையில் 80/12 என்று எழுதியிருந்தால் சாதாரணப் பருத்தித் துணிக்கு ஏற்றது. மெல்லிய துணிக்கு 70/10, ஜீன்ஸுக்கு 100/16. பள்ளி உடற்பயிற்சிச் சட்டைபோல் இழுபடும் துணிக்கு முனை உருண்ட ஊசி தனியாக விற்கிறது. மழுங்கிய ஊசியை மாற்றிவிடுங்கள். இயந்திரம் கெட்டுவிட்டது என்று நினைக்கும் எத்தனையோ நேரங்களில் மாற்ற வேண்டியது ஓர் ஊசியைத்தான்.

நான்காவது பாபின். எல்லாப் பாபினும் ஒரே அளவு அல்ல. இயந்திரத்தோடு வந்த ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய் அதே மாதிரி வாங்குங்கள். மேலே உள்ள சிறிய டென்ஷன் குமிழைச் சுற்றி நூலைக் கொண்டுபோய், பாபினில் சீராகச் சுற்ற வையுங்கள். தொளதொள என்று சுற்றிய பாபின் சீராகத் தைக்காது. கூட்டில் போட்டு, நூலைப் பிளவு வழியாக இழுத்துச் சிறு தகட்டுக்குக் கீழே கொண்டுவாருங்கள். பிறகு நூல் நுனியைப் பிடித்துக் கூட்டைத் தொங்க விடுங்கள். தானாக வழுக்கி விழுந்தால் பிடிமானம் போதவில்லை. லேசாக உதறினால் ஓர் அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். பாட்டி இதைக் கண்ணை மூடிக்கொண்டே செய்வார்.

ஐந்தாவது மேல்நூல். ஊசியை உச்சிக்கு ஏற்றுங்கள். பாதத்தைத் தூக்குங்கள். நூல்கண்டு, அதை அடுத்த வழிகாட்டி, டென்ஷன் தகடுகள், மேலும் கீழும் போய்வரும் நெம்புகோலின் துளை, பிறகு ஊசிக்காது. இந்த வரிசையில் ஒன்று விடுபட்டாலும் தைக்காது. கோத்த பிறகு ஒரு சோதனை: பாதத்தை இறக்கிவிட்டு நூலை லேசாக இழுங்கள். இழுக்க முடியாமல் பிடித்தால் நூல் தகட்டுக்குள் இருக்கிறது. சும்மா வந்தால் மீண்டும் கோக்க வேண்டும். ஒரு வாரம் நான் பட்ட பாட்டை இந்த மூன்று நொடிச் சோதனை மிச்சப்படுத்தியிருக்கும்.

கடைசியாக, மேல்நூலை இடக்கையில் பிடித்துக்கொண்டு சக்கரத்தை ஒரு முழுச் சுற்று சுற்றினால், ஊசி கீழ்நூலை மேலே கொண்டுவந்துவிடும். இரண்டு நூலையும் பாதத்துக்கு அடியில் விட்டுப் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு முதல் நான்கு தையலைப் போடுங்கள். தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர், டென்ஷன் எண் 4. பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் தொடங்குவதற்கு இது ஏற்றது. மேலே சிவப்பு, கீழே நீலம் என்று இரு நிற நூல் போட்டுப் பழந்துணியில் தைத்துப் பாருங்கள். துணியின் மேற்பக்கம் நீலம் எட்டிப் பார்த்தால் மேல்நூல் அதிக இறுக்கம். அடிப்பக்கம் சிவப்பு எட்டிப் பார்த்தால் மேல்நூல் தளர்வு. துணியை இழுக்க வேண்டாம். பற்கள் நகர்த்தும், கைகள் வழிகாட்டினால் போதும்.

மிதியை அழுத்தப் பயமாக இருந்தால், பாட்டி எனக்குச் சொன்னதைச் செய்யுங்கள். நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளைத் துணிபோல் வைத்து, கோட்டின்மேல் ஓட்டிப் பழகுங்கள். ஐந்து தாள் முடிவதற்குள் கால் பழகிவிடும்.

“இதெல்லாம் இந்தக் காலத்தில் எதற்கு?”

நண்பர்கள் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். மூன்றும் நியாயமானவை.

முதல் கேள்வி: துணி இவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது எதற்குத் தைக்க வேண்டும்? வாங்குவது மலிவுதான். வீசுவது அவ்வளவு மலிவு அல்ல. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் சுமார் 189,000 டன் துணி, தோல் கழிவு சேர்ந்தது. அதில் 4 விழுக்காடுதான் மறுபயனீடு செய்யப்பட்டது. இதை நம் வீட்டுத் தையல் இயந்திரங்கள் மாற்றிவிடும் என்று நான் கதை விடமாட்டேன். ஆனால் என் அலமாரியிலேயே ஓரம் பிரிந்த காரணத்துக்காக அணியாமல் கிடந்த காற்சட்டைகள் மூன்று இருந்தன. மூன்றையும் ஒரே பிற்பகலில் மடித்துத் தைத்தேன். அவை குப்பைக்குப் போகவில்லை. மூன்று புதிய காற்சட்டைகளை நான் வாங்கவும் இல்லை.

இரண்டாவது கேள்வி: தையற்காரர்களின் பிழைப்பு என்ன ஆகும்? இதற்குப் பாட்டியே பதில் சொன்னார். “காற்சட்டை ஓரம் மடிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் ரவிக்கை தைக்கிறவங்க அருமை தெரியும்.” உண்மைதான். ஒரு சேலை ரவிக்கையின் கையைத் தோளோடு இணைப்பதற்கு முயன்று பார்த்தேன். இரண்டு முறை பிரித்த பிறகு கைவிட்டேன். தேக்கா நிலையத்தின் மேல்தளத்தில் தையற்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து தைப்பதை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். இப்போது நின்று பார்க்கிறேன். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது துணியைக் கொடுத்துவிட்டு, “கூலி ஏன் இவ்வளவு?” என்று பேரம் பேச இனி எனக்கு வாய் வராது.

மூன்றாவது கேள்விதான் கடினமானது: படிப்பு, தேர்வு, இணைப்பாட நடவடிக்கை, பகுதிநேர வேலை. இதற்கு நேரம் எங்கே? நான் கேட்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில், நான் இரண்டு ஆண்டுகளாக வகுப்பில் படித்ததை முதன்முறையாகக் கையால் தொட்டேன். சக்கரம் சுழல்கிறது. அந்தச் சுழற்சி ஊசியில் மேலும் கீழுமாகவும், பற்களில் முன்னும் பின்னுமாகவும் மாறுகிறது. எல்லாம் ஒரே தண்டோடு இணைந்திருப்பதால், ஊசி துணிக்குள் இருக்கும்போது பற்கள் துணியை நகர்த்துவதில்லை. பாடநூலில் படமாகப் பார்த்த நெம்புகோலும் வளைத்தண்டும் என் முகத்துக்கு ஓரடி தூரத்தில் வேலை செய்தன.

அதைவிடப் பெரிய பாடம் ஒன்றும் கிடைத்தது. சிக்கல் தெரிகிற இடத்திலேயே காரணத்தைத் தேடியதுதான் நான் செய்த தவறு. சின்னத் திருகைத் திருகத் திருக, சரியாக இருந்ததையும் கெடுத்தேன். ஒரு பொருள் வேலை செய்யாதபோது, முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும். எளிதான காரணத்தை முதலில் சோதிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பந்தாகச் சுருண்ட நூல்தான் புரிய வைத்தது.

ஆண் பிள்ளைக்கு எதற்குத் தையல்?

இன்னொரு கேள்வியை எவரும் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் சிரிப்பில் இருந்தது. நான் தைக்கிறேன் என்று தெரிந்ததும் ஒரு மாமா, “பொண்ணு பார்க்க வேண்டியதில்லை, வீட்டு வேலை எல்லாம் இவனே செஞ்சுக்குவான்” என்றார். அனைவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். தேக்காவில் தைப்பவர்களில் ஆண்கள் எத்தனை பேர்! காசு வாங்கிக்கொண்டு தைத்தால் ஆணுக்கு அது தொழில். வீட்டில் தைத்தால் மட்டும் பெண்ணின் வேலை. இந்தக் கணக்கு எப்படிச் சரியாகும்?

அந்த மாமாவையும் படிக்க வைத்தது அதே இயந்திரம்தான். அவர் அதில் ஒரு நாளும் நூல் கோத்ததில்லை. அவர்மீது குற்றம் சொல்லவில்லை. அவருக்கு எவரும் சொல்லித் தரவில்லை. பாட்டி என் அம்மாவுக்குச் சொல்லித்தர முயன்றபோது, “நீ படி, இதெல்லாம் உனக்கு வேண்டாம்” என்று தாத்தா தடுத்தாராம். தையல், படிக்காதவர்களின் பிழைப்பு என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். அது அன்பினால் எடுத்த முடிவு. ஆனால் மகன்களுக்குச் சொல்லித்தரத் தோன்றவில்லை, மகளுக்குச் சொல்லித்தர விரும்பவில்லை. இப்படித்தான் ஒரே தலைமுறையில் ஒரு வீட்டின் கைத்திறன் அறுந்துபோனது. உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதே கதை இருக்கலாம்.

என்ன செய்யலாம்?

ஒரு காலத்தில் நம் பள்ளிகளில் மனையியல் பாடத்தில் தையலும் இருந்தது. நெடுங்காலம் அது பெண்களுக்கான பாடமாகவே இருந்தது. பையன்கள் பட்டறைக்குப் போனார்கள். இன்று உயர்நிலை ஒன்றிலும் இரண்டிலும் உணவு, பயனீட்டாளர் கல்வியையும் வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாடத்தையும் இருபாலரும் படிக்கிறார்கள். இது நல்ல மாற்றம். பழைய தையல் வகுப்பைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. வடிவமைப்பு, தொழில்நுட்ப வகுப்பில் இயங்குமுறைகளைக் கற்பிக்கும் ஒரு பாடவேளையில், மேசைமேல் ஒரு தையல் இயந்திரத்தை வையுங்கள். மூடியைத் திறந்து காட்டுங்கள். ஒவ்வொரு மாணவரும் ஒருமுறை நூல் கோத்து ஒரு முழம் தைக்கட்டும். இதற்குப் புதிய பாடத்திட்டம் தேவையில்லை.

பள்ளி செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதும் இல்லை. சமூக மன்றங்களில் தையல் வகுப்புகள் நடக்கின்றன. ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ போன்ற தொண்டூழிய முயற்சிகள், வீசுவதற்கு முன் பழுதுபார்க்கக் கற்றுத் தருகின்றன. நம் உயர்கல்வி நிலையங்களின் தமிழ் மன்றங்கள் ஆண்டுதோறும் பட்டிமன்றமும் கலைநிகழ்ச்சியும் நடத்துகின்றன. அவை ஒரு சனிக்கிழமை பாட்டிகளை அழைத்து, தையல் இயந்திரங்களை வரிசையாக வைத்து, ‘முதல் ஒரு மணி நேரம்’ என்று ஒரு பட்டறை நடத்தினால் என்ன? பாட்டிகளுக்குக் கண் சற்று மங்கியிருக்கலாம். நூல் கோக்க நம் கண்கள் இருக்கின்றன. எங்கே கோக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

எனக்கு இதில் ஓர் அவசரமும் தெரிகிறது. இயந்திரம் பழுதானால் உதிரிப்பாகம் வாங்கலாம். பாட்டி கேட்ட அந்தக் கேள்வியை, அவர் போன பிறகு எந்தக் கடையில் வாங்குவது? நான் பார்த்த காணொளிகளில் ஒன்றிரண்டில் பாதத்தைத் தூக்கச் சொல்லியிருக்கக்கூடும். அதைக் கவனிக்காமல் கடந்துவிட்டேன். காணொளிக்கு என் கை தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் என் கை எங்கே தவறுகிறது என்று தெரிந்தது.

எங்கள் வீட்டு இயந்திரம் இப்போது வரவேற்பறைச் சன்னலோரத்தில் நிற்கிறது. காற்சட்டைகளுக்குப் பிறகு தலையணை உறைகள் தைத்தேன். ஒன்றில் ஓரம் கோணல். சென்ற மாதம் பாட்டியின் சேலைக்கு உள்பாவாடை ஒன்று தைத்துக் கொடுத்தேன். நாடா நுழைக்கும் இடத்தில் தையல் நேராக இல்லை என்று அவர் விரலால் தடவியே கண்டுபிடித்துவிட்டார். பிரித்து மறுபடியும் தைக்கச் சொன்னார். தைத்தேன்.

இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுச் சாமான் அறையைத் திறந்து பாருங்கள், நண்பர்களே. தூசு படிந்த ஓர் இயந்திரம் இருந்தால், “ரிப்பேர்” என்ற சொல்லை உடனே நம்பிவிடாதீர்கள். சக்கரத்தை உங்களை நோக்கி ஒரு சுற்று சுற்றுங்கள். ஊசியைப் பாருங்கள். பாதத்தைத் தூக்குங்கள். தெரிந்த பாட்டியோ அத்தையோ பெரியம்மாவோ இருந்தால், பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். காராங்குனிக்காரர் அடுத்த மாதமும் வருவார்; அவருக்குக் கொடுக்க நம்மிடம் பழைய நாளிதழ்கள் நிறைய இருக்கின்றன.